கீழ் மாமாவின் சட்டைகள்

நீலச் சட்டையிலும் அந்த வாடை இருந்தது. அவள் அதைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அலமாரிக்குள் மறுபடியும் கையை விட்டாள். கட்டம் போட்டது, சாம்பல் நிறத்தது, காலர் நைந்த வெள்ளை. ஒவ்வொன்றாக எடுத்துக் காலர்ப் பக்கம், முதுகுப் பக்கம் என்று முகர்ந்து பார்த்தாள். அழுக்குத் துணிகள் இல்லை. துவைத்து, மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து அடுக்கி வைத்தவைதான். ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரே வாடை. நனைந்து கிடந்த சாக்கைப் பல நாள் கழித்து விரித்தால் வருமே, அது. வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் கடுகு தாளித்துக் கொட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

"கெடச்சுதா?" படிக்கட்டின் மேலிருந்து கணவர் கேட்டார்.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஏதாவது ஒண்ணை எடுத்துட்டு வா. மத்தியானத்துக்குள்ள துணி கொண்டாந்து கொடுக்கணுமாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் போன் வந்திருந்தது. அவள் தம்பியின் மூச்சு நின்றுவிட்டது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். கூட யாரும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் அவனிடம், "நாளைக்குக் கஞ்சி வச்சுக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது அவனுக்கு ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியைப் போட்டு வைத்திருந்தார்கள். முதுகுப் பக்கம் நாடா கட்டும் அங்கி. அதோடு அனுப்ப முடியுமா? வீட்டிலிருந்து நல்ல சட்டை, கால்சட்டை கொண்டுவரச் சொன்னார்கள். அதற்காகத்தான் அவள் கீழே இறங்கி வந்திருந்தாள்.

அவளுக்குத் தெரிந்து தம்பியிடம் சந்தன நிறத்தில் ஒரு நல்ல சட்டை உண்டு. மகள் பள்ளி முடித்துப் பரிசு வாங்கிய அன்று அதைத்தான் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். சுருக்கமே இல்லாத சட்டை. உன் தம்பி மாப்பிள்ளை மாதிரி இருக்கிறானே என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சட்டை அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியிலும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருந்தது. இழுத்தபோது அட்டை கையோடு பிய்ந்து வந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டின் அடித்தளம் தரைக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கீழறைக்கு ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டினாற்போல் உயரத்தில். வெளியிலிருந்து பார்த்தால் அது தரைமட்டத்துக்கும் கீழே, மண் சரியாமல் இருக்க வளைத்துக் கட்டிய ஒரு குழிக்குள் இருக்கும். அந்த வழியாகத்தான் அறைக்குள் வெளிச்சம் வரும். சில ஆண்டுகளாக அதே வழியாகத் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் சட்டத்தைச் சுற்றிலும் தம்பி பூசி வைத்திருந்தான். வெள்ளைப் பசை, அதன்மேல் மாவுபோல் ஏதோ ஒரு பூச்சு, அதன்மேல் மறுபடியும் பசை, கடைசியாகக் கெட்டியாகப் பெயின்ட். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு பூசியிருப்பான் போல. அப்படியும் இடது மூலையில் பெயின்ட் கொப்புளித்து, அதன் வழியே தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் ஓர் ஆணி. ஆணியில் கட்டிய பழைய துணிக் கீற்று சுவரை ஒட்டியே கீழே இறங்கி, தரையில் வைத்த வாளிக்குள் முடிந்தது. தண்ணீர் சொட்டாமல் துணி வழியாகவே நழுவி வாளிக்குள் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

எதற்கு இப்படிக் கட்டியிருக்கிறான் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முன்பு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் கையை நிறுத்திக் கேட்டார், "அது என்ன, டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம்?" தம்பியும் அன்று மேலே அவர்களோடு சாப்பிட வந்திருந்தான். "நான் பாக்கறேன் அத்தான்" என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதேயில்லை. சரியாகிவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

சாம்பல் நிறச் சட்டையையும் ஒரு கால்சட்டையையும் எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

தம்பி இந்த வீட்டுக்கு வந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவளே கணவரிடம் கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. கீழே சும்மாதானே கிடக்கிறது என்றார். அதன்பின் அவனுக்கு ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக் கவுன்டரையும் பார்க்கும் வேலை கிடைத்தது. கல்யாணம் கூடி வரவில்லை. கொஞ்ச நாள் என்பது அப்படியே நீண்டுபோயிற்று. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

மாடியிலும் ஓர் அறை இருந்தது. பால்கனி வைத்த அறை. கணவரின் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதில் தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் அது விரிப்பு விரித்துப் பூட்டிக் கிடக்கும். மகள் பேசப் பழகிய நாட்களில் இரண்டு மாமாக்களையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் திணறி, கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேலே தங்குபவர் மேல் மாமா, கீழே இருப்பவர் கீழ் மாமா. வீடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது தம்பிதான். "பரவாயில்லையே, பேரைச் சொன்னா போதும், தபால்காரர் நேரா வந்துடுவார்" என்றான். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் சில ஆண்டுகள் கீழறை காய்ந்துதான் இருந்தது. கணவர் கார் வாங்கிய பிறகுதான் வினை வந்தது. வெளிக்கதவிலிருந்து வீட்டுச் சுவர்வரை இருந்த மண்ணை எடுத்துவிட்டு காங்கிரீட் தளம் போட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் போட்ட ஆட்கள் சரிவைத் தெருப்பக்கம் விடாமல் வீட்டுப்பக்கம் விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கே தளத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் சுவரைத் தேடி ஓடி, ஜன்னல் குழியில் போய் நின்றது. கூரையிலிருந்து இறங்கும் குழாயும் அங்கேதான் வாயைத் திறந்திருந்தது. குழி நிரம்பி, சட்டத்தின் இடுக்கு வழியாகக் கீழறைக்குள் தண்ணீர் வந்தது.

தம்பி அவளை வெளியே அழைத்துப்போய்க் காட்டினான். "அக்கா, இது உள்ளேருந்து அடைச்சா நிக்காது. தண்ணி வெளியிலதான் தேங்குது. செவுத்தோரமா மட்டும் கொஞ்சம் உடைச்சு, வாய்க்கா மாதிரி விட்டுடணும். அந்தக் குழாயையும் திருப்பி விட்டா போதும். அத்தான்கிட்டச் சொல்றியா?"

அவளும் சொன்னாள். கணவர் அப்போது புதுத் தளத்தில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போட்டு இன்னும் ஈரம் காயல, அதுக்குள்ள உடைக்கறதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, துடைத்தபடியேதான் சொன்னார். அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கீழே இறங்கி வந்து தம்பியிடம், "நீ உள்ளேயே ஏதாவது பூசிக்கோயேன்" என்றாள்.

"சரிக்கா" என்றான் அவன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

மேலே கூடத்து மேசையில் சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். சூடு பட்டால் வாடை போய்விடும் என்று நினைத்திருந்தாள். சூடு பட்டதும் அது எழுந்து நின்றது. ஆவியோடு சேர்ந்து கூடம் முழுக்கப் பரவியது. அவள் பெட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

குளித்துவிட்டு வந்த மகள் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். "அம்மா, கீழ் ரூம் வாடை அடிக்குதே. கதவு திறந்திருக்கா?"

அந்த வாடைக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. கீழ் ரூம் வாடை. மீன் வாடை, பெயின்ட் வாடை என்பதுபோல் எல்லாரும் சாதாரணமாகச் சொல்வார்கள். அது மேலே ஏறி வராமல் இருக்கப் படிக்கட்டுக் கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தது அவள்தான். ஒவ்வொரு நாளும் தம்பி மேலே வரும்போது காலால் அந்தப் போர்வையை ஒதுக்கிவிட்டு வருவான். திரும்பிப் போகும்போது குனிந்து அதைச் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுப் போவான்.

மகள் மேசையருகே வந்து சட்டையைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் அறைக்குப் போய்ச் சென்ட் பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பேரும் அந்தப் பாட்டிலைப் பார்த்தார்கள். அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து இன்னும் மோசமாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"புதுசா ஒரு சட்டை வாங்கிடலாமே" என்றார் கணவர். அவர் ஏற்கெனவே கார்ச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. தம்பிக்கு மூச்சுத் திணறியபோது அவனைத் தோளில் சாய்த்துப் படியேற்றிக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். "இது எதுக்கு? அவனை அங்க குளிப்பாட்டறவங்க…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவன் துணியை அங்கே யாராவது கையில் வாங்குவார்கள். பிரிப்பார்கள். முகம் சுளிப்பார்கள், அல்லது சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். அதைத்தான் அவர் சொல்ல வந்தார். அவள் நினைத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் படுக்கையருகே நின்று, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், அவன் தூங்கும் அறையில் ஈரம் உண்டா, சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று. எல்லாரிடமும் கேட்கும் கேள்விபோலத்தான் கேட்டார். நுரையீரல் இந்த அளவுக்குக் கெட்டுப்போக வேண்டுமென்றால், என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளியின் உறவுக்காரர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அவன் ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து சற்றே விலக்கிவிட்டுச் சொன்னான், "நல்ல ரூம் டாக்டர். ஜன்னல்லாம் இருக்கு." சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்தான். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் மருந்து மாறியிருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது? கேட்டால் முதலில் பொய் சொன்னதைச் சொல்லவேண்டும்.

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டை பழுப்பேறத் தொடங்கியிருந்தது. மகள் கையை நீட்டிப் பெட்டியை எடுத்து நிறுத்தி வைத்தாள்.

அப்போதுதான் வாசலில் மணி அடித்தது.

குடையை மடக்கிக்கொண்டு நின்றவள் சலவைக்கடை முதலாளியம்மா. பருத்த உடம்பு, அறுபது வயதிருக்கும். அவளை இவள் ஒரே ஒருமுறை கடையில் பார்த்திருந்தாள். முதலாளியம்மாவின் இடது கையில், பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் மாட்டிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. நனையாமல் இருக்க அவற்றை உயரத் தூக்கிப் பிடித்திருந்ததில் அவளே பாதி நனைந்திருந்தாள்.

"காலையிலதான் விஷயம் கேள்விப்பட்டேன்" என்றாள். உள்ளே வந்து உட்காரவில்லை. "துணிக்கு அலைவீங்களேன்னு எடுத்துட்டு ஓடியாந்தேன்."

உறைக்குள் சந்தன நிறச் சட்டை இருந்தது. அதன் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு கால்சட்டைகள், ஒரு கம்பளிக் கோட்டு. கத்திபோல் மடிப்பு நின்றது.

"இதெல்லாம் எப்படி உங்ககிட்ட…"

"அவன் நல்ல துணியெல்லாம் எங்க கடையிலதானே இருக்கும்" என்றாள் முதலாளியம்மா. "பின்கட்டுல ஒரு கம்பி அவனுக்குன்னே விட்டிருந்தேன். வீட்டுல அலமாரி சின்னதும்மா, இடம் பத்தலம்பான். காலையில வந்ததும் மாத்திக்குவான். சாயங்காலம் பழையதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவான். கவுன்டர்ல நிக்கற ஆளு பளிச்சுன்னு இருக்கணும் பாருங்க, அதுல அவன் ரொம்பக் கறார்."

அவள் கையை நீட்டித் துணிகளை வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் உறை சலசலத்தது. சோப்பும் சூடும் கலந்த சுத்தமான வாசனை அதிலிருந்து வந்தது. கூடத்தில் இன்னமும் அந்த இன்னொரு வாடை நின்றுகொண்டிருந்தது. முதலாளியம்மாவின் மூக்கு அதை அறிந்துகொண்டதை அவள் பார்த்தாள். துணி வாடையிலேயே பிழைப்பு நடத்துகிறவள். மேசைமேல் கிடந்த சாம்பல் நிறச் சட்டை அவள் கண்ணில் பட்டது. ஒரு கணம்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு குடையின் நாடாவைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.

"மழை நாள்ல மட்டும் சீக்கிரமே வந்துடுவான்" என்று குடையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பான். வந்ததும் பாய்லர் பக்கத்துல போய் உக்காந்துக்குவான். கேட்டா, எனக்குக் கதகதப்பா இருக்கணும்மான்னு சிரிப்பான். ஆனா ஒண்ணு சொல்லணும். அக்கா வீட்டைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை அவன் வாயிலேருந்து வந்ததில்ல. என் அக்கா இல்லன்னா நான் தெருவுலன்னு சொல்லுவான்."

கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டியவள், சற்றுத் தயங்கிவிட்டு, "அவன் ரூமை ஒருதரம் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"கீழ் மாமா ரூம் இங்க…" என்று மகள் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். காட்டிவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

"கீழ் மாமா" என்று முதலாளியம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"இன்னும் ஒழுங்கு பண்ணல" என்றாள் அவள். "எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. இன்னொரு நாள் வாங்களேன்."

"சரிம்மா. இன்னொரு நாள்."

அவளுக்கு மூச்சு வந்தது. பிழைத்தோம் என்று மூச்சு விட்ட அதே கணத்தில், தம்பி செத்துக் கிடக்கும் நாளில் இதற்காகவா நிம்மதிப்படுகிறோம் என்று உடம்பு கூசியது. முதலாளியம்மா வாசலைத் தாண்டிப் படியிறங்கும்போது, தளத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து நின்றாள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போய், சுவரோரம் இருந்த குழிவரை பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பிற்பகலில் உடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். சந்தன நிறச் சட்டையில் அவன் யார் வீட்டுக்கோ விருந்துக்குக் கிளம்பியவன்போல் இருந்தான். வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். முகம் தெளிவாக இருக்கிறது, தூங்குகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். கணவரின் உறவில் வயதான ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவனை இத்தனை வருஷம் கூடவே வச்சுக் காப்பாத்தினியே, இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றாள். இன்னொருவர் கணவரின் தோளைத் தட்டி, மச்சானைப் பிள்ளைபோல் வைத்திருந்தீர்களே என்றார். கணவர் தலை குனிந்து நின்றார். அந்தக் குனிவை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் ஒருவரையும் மறுக்கவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் தம்பியின் சட்டைப் பையை நீவிவிட்டாள். அதில் நீவ ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் இடம் போதாமல் ஆண்கள் வெளியே குடை பிடித்துக்கொண்டு காங்கிரீட் தளத்தில் நின்றார்கள். இடத்துக்காகக் காரைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். மழை வலுத்திருந்தது. தண்ணீர் அவர்களுடைய செருப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து சுவரை நோக்கி ஓடியது. ஒருவர் பேசிக்கொண்டே காலை அகற்றி அதற்கு வழி விட்டார். வாசலில் நின்றிருந்த அவள் அது குழிக்குள் விழுவதைப் பார்த்தாள். தலையைத் திருப்பியபோது, எதிரே குடையில்லாமல் நின்ற கணவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

கீழே வாளி நிரம்பியிருக்கும். யாராவது இறங்கிப் போய்க் கொட்ட வேண்டும். இத்தனை நாள் அதை யார் செய்தது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கூட்டத்தைவிட்டு விலகி அவள் படியிறங்கினாள். வாளி வழிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. கட்டில்மேல் தான் கலைத்துப் போட்ட சட்டைகளைப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக் குளியலறையில் கொட்டிவிட்டு வந்து, துணிக் கீற்றின் நுனியை மறுபடியும் அதற்குள் விட்டாள். மேலே, "எடுக்கலாமா?" என்று யாரோ கேட்பது கேட்டது.

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அந்த வாரக் கடைசியில், மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலை, கணவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார், "அந்த ஜன்னலை இப்பவாவது சரி பண்ணிடணும். ரூமைச் சும்மா போட்டு வைக்கறதுக்கு யாருக்காவது வாடகைக்கு விடலாம். வர்றவங்க ஈரத்தைப் பாத்தா ஓடிடுவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், எதையாவது சரி செய்ய வேண்டும் என்ற தவிப்பில் சொன்னார். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்டது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மகள் மட்டும் தாயைப் பார்த்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

"ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் அவள். "தளத்தை உடைக்கணும். உள்ளே பூசற வேலை வேண்டாம்."

"எவ்வளவு உடைக்கணும்?"

"எவ்வளவு உடைக்கணுமோ அவ்வளவு."

கசிவு பார்க்கும் ஆள் ஒருவர் வந்தார். ஒரு கால் சற்றுச் சாய்ந்து நடப்பவர். குழியை எட்டிப் பார்த்து, கையை விட்டு அடியிலிருந்த சேற்றையும் மக்கிப்போன இலைகளையும் ஒரு கொத்து அள்ளி வெளியே போட்டார். தளத்தை முழுக்க உடைக்க வேண்டியதில்லை, சுவரோரம் ஒரு முழம் அகலத்துக்கு வெட்டினால் போதும் என்றார். தம்பி சொன்ன அதே வேலைதான். கணவர் அதைக் கேட்டுக்கொண்டு காரின் கதவைப் பிடித்தபடி நின்றார்.

வெட்டும் சத்தம் வீட்டை அதிர வைத்தது. கீற்றாக வெட்டியெடுத்த இடத்தில் தெருவைப் பார்த்துச் சரிவாக ஒரு வாய்க்கால் அமைத்து, மேலே இரும்புச் சட்டம் பதித்தார். கூரைக் குழாயை நீட்டி எதிர்ப்பக்கம் திருப்பினார். குழியை ஆழமாகத் தோண்டி, அடியில் தண்ணீர் வெளியேறத் துளைபோட்ட ஒரு குழாயைப் புதைத்து, மேலே ஜல்லி நிரப்பினார். தம்பி பூசியிருந்ததையெல்லாம் உளியால் பெயர்த்தார். அது பாளம் பாளமாக வந்தது. "யாரோ ரொம்பப் பொறுமையா பூசியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அதைச் சாக்கில் போட்டுக் கட்டினார். வெளிப்புறம் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, புதிதாக அடைத்தார். வேலை தொடங்கிய மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. கணவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று அந்த ஆள் சொன்னபோது, கணவர் நம்பாதவர்போல் இன்னொரு முறை கேட்டார்.

அடைத்தது காய்ந்த பிறகு ஒருநாள் அந்த ஆள் மறுபடியும் வந்தார்.

"தண்ணி அடிச்சுப் பாத்துடலாம்மா" என்றார். "நீங்க உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழே நில்லுங்க. எங்கேயாவது கசிஞ்சா குரல் கொடுங்க."

அவள் இறங்கிப் போனாள். கட்டிலையும் அலமாரியையும் அப்புறப்படுத்தியாயிற்று. சுவர்களைச் சுரண்டி வெறும் சிமென்ட் தெரிய விட்டிருந்தார்கள். காலடிச் சத்தம் எதிரொலித்தது. மேலே ஜன்னலில் அந்த ஆளின் ரப்பர் காலணிகளும், அவர் இழுத்துக்கொண்டு வந்த குழாயின் வாலும் தெரிந்தன. பிறகு கண்ணாடிமேல் தண்ணீர் படீரென்று அடித்தது. அறை இருண்டு, சுவரெல்லாம் நெளிந்தது.

"வருதா?" என்ற குரல் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்தது.

அவள் கையை உயர்த்திச் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைத் தடவினாள். "வரல."

காலணிகள் நகர்ந்தன. "இப்போ?"

"வரல."

அவர் இடது மூலைக்கு வந்தார். தண்ணீரை அங்கேயே பிடித்தார். கொட்டிய தண்ணீரெல்லாம் ஜல்லிக்குள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, தெருவுக்கு, வெளியே. அவள் அந்த மூலையில் விரலை வைத்தாள். புதுச் சிமென்ட் சொரசொரப்பாக இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். காய்ந்த தூசி ஒட்டியிருந்தது.

"இங்க வருதாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

காலணிகள் காத்து நின்றன. "அம்மா? கேக்குதா? வருதா?"

பதில் வராததால் அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கெட்ட காலை நீட்டி, மெல்ல மண்டியிட்டுக் குழிக்குள் தலையை நுழைத்தார். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அறைக்குள் கூர்ந்து பார்த்தார். அவள் சுவரோடு சேர்ந்து நின்றிருந்தாள். அவர் பார்ப்பது தெரிந்து தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிடலாம் என்று, குழாயை எடுத்து அதே மூலையில் பிடித்துக்கொண்டு நின்றார்.